கை உங்களுடையது, முடிவு அவர்களுடையது

குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப்போவது. வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓசையில்லாமல் நடக்கும் இந்த வேலையில் அறிவு இருக்கிறது, அறம் இருக்கிறது, அரசின் கடமையும் இருக்கிறது.

நாளை காலை முகூர்த்தம். சக்கர நாற்காலியில் வரவேண்டிய விருந்தினர் ஒருவர் அந்தக் கல்யாணத்துக்கு இன்று சாயங்காலமே தயாராகத் தொடங்கிவிடுகிறார். முதல் வேலை, தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. மண்டபத்துக் கழிப்பறையின் வாசலில் நாற்காலி நுழையுமா, தெரியாது. நுழைந்தாலும் உள்ளே திருப்ப இடம் இருக்காது. நாற்காலியிலிருந்து தூக்கி உட்காரவைக்கத் தெரிந்த ஆளும் அங்கே இருக்கமாட்டார். ஆகவே காலையில் காப்பி கிடையாது, பந்தியில் மோர் கிடையாது, சித்திரை வெயிலிலும் ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. இப்படி அடக்கி அடக்கியே சிறுநீர்த் தொற்றுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் ஆளானவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். வெளியே தெரிவதில்லை. "கல்யாணத்துக்கு வந்தாரே, நன்றாகத்தானே இருந்தார்" என்று ஊர் சொல்லிக்கொள்ளும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். இவர்களில் பலர் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் தண்டுவடத்தில் அடிபட்டவர்கள், மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், கடுமையான அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்கள் ஆகியோரில் பலருக்குப் பல் துலக்குவது முதல் இரவில் போர்வையை இழுத்துப் போர்த்துவது வரை இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது. சாய்தளம் பற்றிப் பேசுகிறோம், வேலை ஒதுக்கீடு பற்றிப் பேசுகிறோம். அந்தச் சாய்தளத்தில் ஏறி அந்த வேலைக்குப் போக, காலையில் அவரைக் கட்டிலிலிருந்து இறக்கிக் குளிக்கவைத்துச் சட்டை மாட்டிவிடப்போவது யார் என்பதைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை.

அதைப் பேசவேண்டும். அப்போதுதான் ஓர் உண்மை பிடிபடும். உதவி செய்யும் கை யாருடையதாகவும் இருக்கலாம். ஆனால் எப்போது, எப்படி, எவ்வளவு என்று முடிவுசெய்பவர், அந்த உடலுக்குச் சொந்தக்காரராகவே இருக்கவேண்டும். இந்த ஒன்று தவறும்போது பாசம்கூடச் சிறையாகிவிடுகிறது.

உயிரைக் காத்த சாதாரண வேலை

உடல் பராமரிப்பைச் சில்லறை வேலையாக நினைப்பவர்கள் மருத்துவ வரலாற்றின் ஒரு பக்கத்தைப் படிக்கவேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் நெடுநாள் பிழைக்கவில்லை. அவர்களைக் கொன்றது அடிபட்ட தண்டுவடம் அல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அவர் பிடிவாதமாகக் கொண்டுவந்த மாற்றம் மிக எளியது. நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். சிறுநீர்ப்பையைச் சுத்தமாகப் பார்த்துக்கொள்ளவேண்டும். சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்காக 1948இல் அவர் நடத்திய விளையாட்டுப் போட்டியே பின்னாளில் பாராலிம்பிக்ஸ் ஆக வளர்ந்தது. நம் வீரர்கள் கழுத்தில் இன்று தொங்கும் அந்தப் பதக்கங்களின் அடியில், இரவில் எழுந்து நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்த பெயர் தெரியாத கைகள் இருக்கின்றன.

இன்னொரு மாற்றம் 1972இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. சிறுநீரை வெளியேற்றக் குழாய் செருகுவதென்றால் அறுவைசிகிச்சைக் கூடத்தின் கிருமிநீக்கம் வேண்டும் என்றிருந்த காலத்தில், சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும், முக்கியமானது சிறுநீர்ப்பை நிரம்பி வழியாதபடி குறித்த நேரத்துக்கு ஒருமுறை காலிசெய்வதுதான் என்று டாக்டர் ஜாக் லாபிடஸ் நிறுவினார். மருத்துவமனையிலேயே அடைபட்டிருக்கவேண்டியவர்கள் வீட்டுக்குப் போனார்கள், பள்ளிக்குப் போனார்கள். குழாயைத் தானே செருகிக்கொள்ள முடிந்தவர்களுக்கு அது விடுதலையாகவே அமைந்தது.

நம் மண்ணிலும் இந்த அறிவுக்கு ஒரு மரபு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட அவரே காரணம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவரோடு தோள்கொடுத்த எஸ். சங்கர ராமன் தசைச்சிதைவு நோயுள்ள ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். தமிழ்நாட்டின் இளையோர் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய ப்ரீத்தி சீனிவாசன், பதினெட்டு வயதில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தபின், தண்டுவடம் பாதித்தவர்களுக்காகத் திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' அமைப்பை உருவாக்கினார். இவர்கள் எல்லோரும் அன்றாடம் பிறர் கையை நாடியே வாழ நேர்ந்தவர்கள். அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழிகாட்டினார்கள். பிறர் உதவியோடு வாழ்பவர் சுதந்திரமற்றவர் என்ற எண்ணத்தை அவர்கள் வாழ்க்கையே உடைத்துவிட்டது.

கைக்குத் தெரியவேண்டியவை

பாசம் இருந்தால் போதும், பார்த்துக்கொள்ளலாம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பாசத்தோடு பயிற்சியும் வேண்டும். பயிற்சியில்லாத பாசம் தீக்காயத்தில் முடிந்திருக்கிறது, எலும்பு முறிவிலும் முடிந்திருக்கிறது.

குளியலை எடுத்துக்கொள்வோம். உணர்ச்சியற்ற காலுக்கு வெந்நீர் சுடுவது தெரியாது. ஊற்றுவதற்கு முன் பராமரிப்பவர் தன் முழங்கையை நனைத்துச் சூட்டைப் பார்க்கவேண்டும். குளித்து முடித்ததும் அக்குள், தொடை இடுக்கு, கால்விரல் இடுக்குகளை ஒற்றியெடுத்து உலர்த்தவேண்டும். முதுகின் அடிப்பகுதி, புட்டம், குதிகால், கணுக்கால் ஆகிய இடங்களை அப்போதே பார்த்துவிடவேண்டும். அழுத்தியபின்னும் மறையாத சிவப்பு தெரிந்தால் அது படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி. நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். அந்த இடம் மட்டும் சூடாக, கெட்டியாக, இன்னும் கருமையாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டும். அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் மருந்து. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது கெடுதல். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் கால்மணி, அரைமணிக்கு ஒருமுறை உடலைச் சாய்த்தோ கையூன்றி எழும்பியோ பாரத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். அவரால் முடியாதபோது நாம் சாய்த்துவிடவேண்டும்.

உடை மாட்டும்போது வலுவில்லாத கைக்கு முதலில் சட்டையை ஏற்றவேண்டும். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் விடுவிக்கவேண்டும். இந்தச் சின்ன ஒழுங்கு தெரியாமல் கையை முறுக்கித் தோள்மூட்டைக் கெடுத்துவிட்ட வீடுகள் உண்டு. தூக்கும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது. கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருந்தால், நடுவே வழவழப்பான பலகை ஒன்றை வைத்து நகர்த்திவிடலாம். தூக்கியே ஆகவேண்டுமென்றால் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கவேண்டும். பாதிக்கப்படுபவர் இருவராகிவிடக் கூடாது.

ஊட்டுவதில் இன்னும் கவனம் வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை மடியில் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயில் ஊற்றுவது பழைய வழக்கம். உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் தொற்று வருவதற்கு அதுவே வழி. நிமிர்த்தி உட்காரவைத்து, தலை சற்று முன்னால் சாய்ந்திருக்க, கரண்டியை எதிரிலிருந்து, கீழிருந்து கொண்டுபோகவேண்டும். ஒரு வாய் இறங்கியபின் அடுத்த வாய். விழுங்குவதில் சிரமம் உள்ள பலருக்குத் தண்ணீரைவிடச் சற்றுக் கெட்டியான கஞ்சி எளிதாக இறங்கும். எவ்வளவு கெட்டி என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். சாப்பிட்டபின் அரைமணியாவது படுக்கவைக்கக் கூடாது.

ஒரு குவளை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாடே பார்த்தது. திருச்சி வட்டாரத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே பணியாற்றிய பாதிரியார் ஸ்டேன் சுவாமி, 2020 அக்டோபரில் ஒரு வழக்கில் கைதாகிச் சிறையிலிருந்தார். பார்க்கின்சன் நோயால் நடுங்கும் கையில் டம்ளரைப் பிடிக்க முடியாத அந்த 83 வயது முதியவர், உறிஞ்சுகுழாயோடு கூடிய குவளைக்காக நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டியிருந்தது. வாரக்கணக்கில் அது இழுத்தது. வழக்கின் நியாயம் எதுவாகவும் இருக்கட்டும். தானாகத் தண்ணீர் குடிப்பதற்கான கருவி ஒருவருக்குச் சலுகையாகக் கிடைக்கவேண்டிய பொருள் ஆகாது.

தண்டுவடத்தில் மார்பின் நடுப்பகுதிக்கு மேலே அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் கட்டாயம் அறியவேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, குழாய் மடங்கி அடைத்தாலோ, மலம் கட்டினாலோ திடீரென்று ரத்த அழுத்தம் எகிறும். தலை பிளப்பதுபோல் வலிக்கும், முகம் சிவக்கும், வியர்த்துக் கொட்டும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாயைச் சரிபார்க்கவேண்டும். அடங்கவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். இதை அறியாமல் வெறும் வலி மாத்திரையோடு விட்டுவிட்டால் உயிரே போய்விடலாம்.

அவசரப்படாமல் கற்றுக்கொடுப்பது

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்களுக்கான உதவி வேறு வகை. இங்கே கையைவிடப் பொறுமைக்கு வேலை அதிகம். தலையில் விழும் தண்ணீர் சிலருக்கு அடிவிழுவதுபோல் இருக்கும். சட்டைக் கழுத்தின் லேபிள் முள்ளாகக் குத்தும். நகம் வெட்டும் சத்தமே பயமுறுத்தும். இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு அழுத்திப் பிடித்துக் குளிப்பாட்டினால், குளியலறையே பயத்தின் இடமாகிவிடும். ஒரு சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றித் தொடங்கலாம். அடுத்து என்ன நடக்கும் என்பதைச் சொல்லலாம், அல்லது படமாக வரைந்து சுவரில் ஒட்டலாம்.

வேலையைச் சிறு படிகளாகப் பிரிப்பது சிறப்பாசிரியர்கள் சொல்லித்தரும் வழி. சட்டையை முழுக்க நாமே மாட்டிவிட்டு, கடைசிப் பட்டனை மட்டும் பிள்ளைக்கு விடவேண்டும். அது கைவந்ததும் கடைசி இரண்டு. வேலையை முடித்தவன் அவன் என்ற நிறைவு ஒவ்வொரு நாளும் அவனுக்கே கிடைக்கும். நேரமாகும்தான். பள்ளி வேன் வந்துவிடுமே என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் நாமே செய்து முடித்தால், இருபது வயதிலும் நாமே செய்துகொண்டிருப்போம்.

பேச முடியாதவருக்கும் விருப்பம் உண்டு. நீலச் சட்டையா, மஞ்சள் சட்டையா என்று இரண்டையும் காட்டினால் கண் ஒன்றில் நிற்கும். தொடுவதற்கு முன் சொல்வது, கதவைச் சாத்திக்கொள்வது, துடைக்கும் பகுதி தவிர மற்றதைத் துண்டால் மூடுவது, அவர் எதிரிலேயே அவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசாமலிருப்பது. இவற்றுக்குப் பணம் வேண்டாம். இவை இருந்தால் அந்தக் குளியல் அவருடைய குளியல்.

அந்த உடல் அவளுடையது

பெண்களிடம் வரும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1994இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் இருந்த அரசு இல்லமொன்றின் அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குப் புனே அரசு மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிலக்கின்போது அவர்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. பராமரிக்க ஆளில்லை என்ற குறைக்கு விலையாகப் பெண்களின் உறுப்பு போனது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, மலட்டுத்தன்மையை உண்டாக்கும் எந்தச் சிகிச்சையையும் ஒருவரின் சுதந்திரமான, விவரமறிந்த சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்கிறது. ஆனாலும் "எடுத்துவிட்டால் என்ன டாக்டர்?" என்ற கேள்வி மருத்துவமனைகளில் நின்றுவிடவில்லை.

கேட்கும் தாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாப்கின் மாற்றக் கற்றுக்கொடுக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பொம்மைக்கு மாட்டிக் காட்டுவது, நாட்காட்டியில் குறிப்பது, உள்ளாடையில் வைக்கவேண்டிய இடத்தை வண்ண நூலால் தைத்துக் காட்டுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலான பெண்கள் ஓரளவேனும் கற்றுக்கொள்கிறார்கள். யார் தொடலாம், யார் தொடக் கூடாது, வேண்டாமென்றால் எப்படிக் காட்டுவது என்பதையும் சேர்த்தே சொல்லித்தரவேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து ஆடையைக் கழற்றலாம் என்று பழகிப்போன உடலால், தவறான தொடுதலை அடையாளம் காண முடியாது.

"எங்களுக்கப்புறம் யார்?"

இத்தனையும் இன்று யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் அம்மா. அல்லது மனைவி, அக்கா, மருமகள். பத்து வயதில் இடுப்பில் தூக்கிய பிள்ளையை முப்பது வயதிலும் தூக்குகிறாள். பிள்ளையின் எடை ஏற ஏற, அவள் எலும்பு தேய்கிறது. வேலையை விட்டவள், கோயிலுக்குப் போவதை நிறுத்தியவள், தன் கண்புரை அறுவைசிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருபவள் அவள். "தெய்வத்தாய்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பட்டம் அவளுக்கு ஒரு மணி நேரத் தூக்கத்தைக்கூடத் தருவதில்லை. "எங்களுக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?" என்பதுதான் பெற்றோர் கூடும் இடங்களிலெல்லாம் கேட்கும் கேள்வி.

வேறு நாடுகள் இதற்குப் பதில் தேடியிருக்கின்றன. போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ், 1962இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரும்பு நுரையீரல் என்ற சுவாச இயந்திரத்துக்குள் உறங்கிய அவருக்கு விடுதி கிடைக்காமல், வளாக மருத்துவமனையே விடுதியானது. உதவியாளரை உதவி பெறுபவர் தானே தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, வேலை வாங்கவேண்டும் என்ற எண்ணத்தோடு அவரும் தோழர்களும் எழுப்பிய இயக்கத்திலிருந்து 1972இல் சுயசார்பு வாழ்வு மையம் பிறந்தது. சுவீடனில் 1994 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், கடுமையான குறைபாடுள்ளவர்கள் அரசு செலவில் தனிப்பட்ட உதவியாளரைப் பெறுவதை உரிமையாக்கியது. ஜப்பானில் 2019இல் கடுமையான உடற்குறைபாடுள்ள யசுஹிகோ ஃபுனாகோவும் எய்கோ கிமுராவும் மேலவைக்குத் தேர்வானார்கள். அரசு தரும் உதவியாளர் சேவையை வேலை செய்யும் நேரத்தில் பயன்படுத்த முடியாது என்ற விதி அப்போது அம்பலமானது. உதவியாளர் செலவை அவையே ஏற்றது. மன்றத்தின் இருக்கைகளும் மாற்றியமைக்கப்பட்டன.

சட்டத்தில் இருப்பது வீட்டுக்கு வரட்டும்

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. பிறர் உதவியோடு சுதந்திரமாக வாழும் உரிமையைச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007லேயே ஏற்றது. 2016 சட்டம் 'உயர் ஆதரவு' தேவைப்படுவோரை இனங்காண்கிறது. 38ஆம் பிரிவின்படி அந்த ஆதரவைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். 24ஆம் பிரிவு பராமரிப்பாளர் உதவித்தொகையைப் பெயர்சொல்லியே குறிப்பிடுகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999இலேயே தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்புத் தொகை சில ஆண்டுகளுக்கு முன் மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. வரவேற்கவேண்டிய தொகைதான். ஆனால் டயப்பருக்கும் சிறுநீர்க் குழாய்க்கும் ஆகும் செலவைப் பார்த்தவர்களுக்கு அதில் உதவியாளர் சம்பளத்துக்கு மிச்சமேதும் இருக்காது என்பது தெரியும்.

செய்யமுடியாத காரியமா இது? 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டு வாசலுக்கே போகின்றன. அதே வழியில் உடல் பராமரிப்புப் பயிற்சியும் போகட்டும். ஒவ்வொரு ஊராட்சியிலும் சுய உதவிக் குழுப் பெண்களில் சிலரும், விருப்பமுள்ள ஆண்கள் சிலரும் முறையாகப் பயிற்சி பெற்று, முறையான ஊதியத்தோடு காலையும் மாலையும் வீடுகளுக்குப் போகட்டும். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள் உதவட்டும். தாய்க்கு உடம்பு முடியாதபோது பிள்ளையைச் சில நாள் நம்பி விட்டுவரத் தாலுகாதோறும் ஓரிடம் வேண்டும். கல்யாண மண்டபமானாலும் பேருந்து நிலையமானாலும், நாற்காலி முழுச் சுற்றுச் சுற்றத் தேவையான ஒன்றரை மீட்டர் இடமுள்ள கழிப்பறை இல்லாமல் உரிமம் புதுப்பிக்கப்படக் கூடாது.

இதில் ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுவிடக் கூடாது. அனுப்பப்படும் உதவியாளர் யார், எத்தனை மணிக்கு வரவேண்டும், எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை உதவி பெறுபவர் சொல்லவேண்டும். வாயால் சொல்ல முடியாதவரின் விருப்பத்தை அவரை அறிந்தவர்கள் துணையோடு கேட்டறியவேண்டும். பயிற்சி வகுப்பில் பாடம் நடத்துபவர்களில் உதவி பெறுபவர்களும் இருக்கவேண்டும். தன் உடலை எப்படித் தூக்கவேண்டும் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

குழந்தையாக இருந்தபோது நம் எல்லோரையும் யாரோ குளிப்பாட்டினார்கள். முதுமையில் மறுபடி நமக்கு அந்தக் கை தேவைப்படும். இடைப்பட்ட காலத்தில் ஒரு விபத்தோ பக்கவாதமோ அந்த நாளை முன்கூட்டியே கொண்டுவந்துவிடலாம். இன்று மாற்றுத்திறனாளிகள் கேட்பது நம் ஒவ்வொருவருக்குமான காப்பீடு. அதைப் பரிவு என்ற பெயரில் தள்ளிப்போடாமல், உரிமை என்று ஏற்றுப் பட்ஜெட்டில் எழுதவேண்டும்.